கிழவி என்றது என்னை இல்லை

புதன்கிழமை காலை,
நெப்ராஸ்கா.

அன்பு மகள் காரினுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் அப்பாவும் இங்கே சுகம், என் இடது முழங்கால் மட்டும் மழை வருவதை ரேடியோக்காரனுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது, அப்பாவுக்குப் பசி வழக்கம்போல் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. அதேபோல் நீயும், நியூசிலாந்தில் நீ வைத்தியம் பார்க்கும் அத்தனை ஆடுகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நீ அனுப்பிய வீடியோவும் அதன் கீழே போட்டிருந்த மூன்று கேள்விக்குறிகளும் வந்து சேர்ந்தன. அதில் மாதா கோவில் மண்டபத்தில் அறுபது பேருக்கு முன்னால் நின்றுகொண்டு, சிவப்பு ரொட்டி எடுத்தேன் சிவப்பு ரொட்டி எடுத்தேன் என்று கத்துகிறவள் நான்தான், சந்தேகம் வேண்டாம். போனில் சொல்லலாம் என்று பார்த்தால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பாதியிலேயே சிரித்துக் காரியத்தைக் கெடுத்துவிடுகிறார். உன் அத்தை மகள் வேறு கண் காது மூக்கு வைத்து உனக்குச் சொல்லியிருப்பாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

இந்த ஊர் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்துக்கு நான் ஒன்பது வருஷமாக நடுவராக இருப்பது உனக்குத் தெரியும். இறைச்சி ஆலையில் வேலை செய்யும் மெக்சிகோ ஆட்கள் ஆடுகிற ஆட்டம், எட்டு அணி, எல்லாரும் எல்லாருக்கும் மச்சான் அல்லது சித்தப்பா. யாருக்கும் எந்த உறவும் ஆகாத ஓர் ஆள் வேண்டும் என்று தேடியபோது பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த நான் மாட்டினேன். விசிலுக்குப் பாஷை வேண்டாம் என்பதால் ஒன்பது வருஷமும் ஒரு சொல் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளாமல் ஓட்டிவிட்டேன். ஆனால் நான் ஊதும்போதெல்லாம் ஓரத்திலிருந்து லெச்சூசா, லெச்சூசா என்று ஒரு சத்தம் வரும். அது நடுவருக்கான மரியாதைச் சொல் என்று நானாக நினைத்து ஒன்பது வருஷமும் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு நேரம் கிடைத்ததா, அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிந்துகொண்டால் போதும் என்றுதான் ஜூலையில் நூலகத்துச் செவ்வாய்க்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். அப்பாவும் சேர்ந்தார், டீச்சர் ரொட்டிக்கடையில் காலை வேலை பார்ப்பவள், வகுப்புக்கு மீந்த இனிப்பு ரொட்டி கொண்டுவருவாள் என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

டீச்சர் பெயர் ஒத்தீலியா, குள்ளமாக இருப்பாள், குரல் மட்டும் நம் பழைய பேருந்தின் ஹாரன். முதல் நாளே நாங்கள் வாங்கிப்போன புத்தகங்களைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். “பாஷை வாயில இருக்குங்க, பையில இல்ல. பேசுங்க. தப்பாப் பேசுங்க. வாயை மூடிக்கிட்டு சரியா இருக்கறவங்க எனக்கு வேண்டாம்” என்றாள். நான் உடனே கையைத் தூக்கி லெச்சூசா என்றால் என்ன என்று கேட்டேன். அவள் முகம் சிவந்துபோயிற்று. கூரையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கடைசியில் ஆந்தை என்றாள். சும்மா ஆந்தை இல்லையாம், அவர்கள் ஊரில் சூனியக்காரி ஆந்தை வேஷத்தில் வந்து கூரைமேல் உட்கார்ந்து கத்துவாளாம், கத்தினால் அந்த வீட்டுக்கு ஏதாவது கெடுதல் நடக்குமாம், அந்த ஆந்தைதான் நான். அப்பா வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே பொருத்தமான பெயர்தான் என்றார். அன்று ராத்திரி அவருக்கு நான் சூப் மட்டும்தான் வைத்தேன்.

வகுப்பு என்றால் உட்கார்ந்து எழுதுவது இல்லை. படம் போட்ட அட்டைகளை வைத்துக்கொண்டு அவர்கள் ஆடும் ஓர் ஆட்டம் இருக்கிறது, ஒருவர் படத்தின் பெயரைக் கூவ மற்றவர்கள் தங்கள் தாளில் அதன்மேல் பீன்ஸ் கொட்டை வைக்க வேண்டும், சேவல், ஏணி, குடிகாரன், நிலா என்று அதில்தான் எனக்குப் பாதிச் சொற்கள் வந்தன. வீட்டுப்பாடம் எல்லாம் தெருவில்தான். ரொட்டிக்கடைக்குப் போய் அங்கே இருப்பவரிடம் மூன்று கேள்வி கேட்டுவிட்டு வர வேண்டும். எங்களோடு படிக்கும் பல் டாக்டர் ஆமண்ட்சன், உன் கம்பிப்பல்லைச் சரிசெய்தவர்தான், தொழிலுக்காக ஏற்கெனவே கொஞ்சம் கற்றுவைத்திருந்தார், ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் வாயைத் திற, இன்னும் பெரிசா, வலிக்காது, துப்பு என்ற நாலுதான். ரொட்டிக்கடையில் போய்ப் பதற்றத்தில் கல்லாவில் இருந்த அம்மாளிடம் இந்த நாலையும் வரிசையாகச் சொல்லிவிட்டார். அவள் வாயைத் திறந்து காட்டினாளாம். ஒரு கடைவாய்ப் பல் சொத்தை என்று கண்டுபிடித்து அப்பாயிண்ட்மென்ட் கொடுத்துவிட்டு வந்தார், ரொட்டி வாங்க மறந்துவிட்டார்.

என் கதையும் அதைவிட மேல் இல்லை. ஆகஸ்டில் ஓர் ஆட்டத்தில் எல்லாரும் என்னைப் பார்த்து ஆகுவாஸ், ஆகுவாஸ் என்று கத்தினார்கள். ஆகுவா என்றால் தண்ணீர், அது எனக்குத் தெரியும். வெயிலில் பாவம் தாகம் போலிருக்கிறது என்று விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர்ப் பெட்டி இருக்கும் பக்கம் திரும்பினேன், பந்து வந்து பின்மண்டையில் விழுந்தது. மெக்சிகோக்காரர்கள் ஜாக்கிரதை என்பதற்கும் தண்ணீர் தண்ணீர் என்றுதான் கத்துவார்களாம். இதை யார் எனக்குச் சொன்னார்கள். அதோடு நிறுத்திக்கொண்டிருக்க வேண்டும் காரின், அரைகுறைப் பாஷை ஆளைக் கொல்லும் என்று அந்த வீக்கமே எனக்குச் சொல்லிக்கொடுத்தது, நான்தான் கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் அரையிறுதி ஆட்டம். ஒரு பக்கத்துக் கோல்கீப்பர் நாபோர் என்ற பையன், இருபத்தாறு வயசு, இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்காத தங்கமான பிள்ளை. ஆட்டம் முடிய இருபது நிமிஷம் இருக்கும், அவன் திடீரென்று கோலை அப்படியே விட்டுவிட்டு என்னை நோக்கிக் கைகளை ஆட்டிக்கொண்டு ஓடிவருகிறான், ரெஃப்ரியம்மா, மி வியேஹா, மி வியேஹா என்று கத்திக்கொண்டே. அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எங்களுக்கு வயசைப் பற்றிய பாடம். வியேஹா என்றால் கிழவி, பல் இல்லாத ஒருத்தியின் படத்தையே காட்டியிருந்தாள் ஒத்தீலியா. மி என்றால் என். அறுபத்து மூன்று வயசுப் பெண்பிள்ளையை நடுமைதானத்தில் ஏ கிழவி, என் கிழவி என்று ஒருவன் கூப்பிட்டால் யார் பொறுப்பார்கள். எனக்கு ஒரே நேரத்தில் கோபமும் வந்தது, ஒரு முழு வாக்கியம் புரிந்துவிட்ட சந்தோஷமும் வந்தது. சிவப்பு அட்டையை உருவி அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன். அவன் அட்டையைப் பார்த்தான், என் கையைப் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கினான், கிராசியாஸ், கிராசியாஸ் என்று நன்றி சொல்லிவிட்டுக் கார் நிற்கும் பக்கம் பறந்துவிட்டான். என்னைக் கிண்டல் வேறு செய்கிறான் என்று நினைத்து அறிக்கையில் அதையும் சேர்த்து எழுதினேன். அவன் அணி பத்து பேரோடு, கையுறைகூட இல்லாத ஒரு டிஃபெண்டரைக் கோலில் நிறுத்தி, எப்படியோ ஜெயித்து இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, மைதானத்தில் எனக்கு ஸ்பானிஷ் புரிந்தது, அதன்படி நடவடிக்கையும் எடுத்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். கைதட்டுவாள் என்று பார்த்தால் ஒத்தீலியா சாக்பீஸை மெதுவாகக் கீழே வைத்தாள். “வெர்னாம்மா, எங்க ஊர்ல புருஷன் பொண்டாட்டியை மி வியேஹான்னுதான் சொல்லுவான். அவளுக்கு இருபது வயசுன்னாலும் என் கிழவிதான். உங்க முதுகுக்குப் பின்னால யெசெனியா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளே, அவன் பொண்டாட்டி, வலி எடுத்துப் போச்சு அவளுக்கு. என் பொண்டாட்டி, என் பொண்டாட்டின்னு அவன் உங்ககிட்ட அனுமதி கேட்டிருக்கான். நீங்க ரெட் கார்டு காட்டியிருக்கீங்க” என்றாள். அதனால்தான் நன்றி சொல்லியிருக்கிறான் பிள்ளை, வெளியே போவதற்கு நடுவர் முறைப்படி அனுமதி தந்துவிட்டார் என்று. அன்றைக்கு மாலையே பெண் குழந்தை பிறந்துவிட்டதாம், இவன் கையுறையைக் கழற்ற மறந்து பிரசவ அறைவரை போய் நர்ஸிடம் திட்டு வாங்கியிருக்கிறான். வகுப்பே சிரித்தது, டாக்டர் ஆமண்ட்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நடுவரைத் திட்டியதற்குச் சிவப்பு அட்டை வாங்கினால் அடுத்த ஆட்டம் ஆட முடியாது. ஆறு வருஷமாக ஆடுகிற அணி, முதல்முறையாக இறுதியாட்டம், அதில் நாபோர் இல்லை, என் ஒரு சொல்லால்.

மறுநாள் காலையில் சங்கத் தலைவர் எஃப்ரேனைப் பார்க்க அவருடைய டயர் கடைக்கே போனேன். சிரிக்காத மனுஷன், மீசை மட்டும்தான் அசையும். டயருக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே எல்லாவற்றையும் கேட்டார். “ரூல்னா ரூல்தாம்மா, ஒம்போது வருஷமா அதை எங்களுக்குச் சொல்றதே நீங்கதான். கார்டை நீங்களே திரும்பி எடுத்துக்கலாம், வியாழக்கிழமை கூட்டத்துல, எல்லார் முன்னாலயும். எதிர் டீம் ஒத்துக்கணும். ஆனா ஸ்பானிஷ்ல சொல்லணும்” என்றார். டீச்சரை மொழிபெயர்க்கச் சொல்கிறேனே என்றேன். அப்போதுதான் தலையை வெளியே எடுத்தார். “போன வருஷம் ரொஹேலியோவை நீங்க இங்கிலீஷ்ல மன்னிப்புக் கேக்கச் சொன்னீங்க. அந்த ஆளு ஒரு வாரம் என் கடையில நின்னு ரெண்டு வரியை மனப்பாடம் பண்ணினான். மொழிபெயர்ப்பு வேண்டாம், அவன் வாயாலயே வரணும்னீங்க. ஞாபகம் இருக்கா?” என்றார். காரின், எனக்கு ஞாபகமே இல்லை. அவன் வந்து திக்கித் திணறி ஏதோ சொன்னது மங்கலாக நினைவுக்கு வந்தது, நான் எப்படி நின்றேன் என்று நினைத்துப் பார்த்தேன், கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றிருப்பேன். போதாததற்கு இறுதியாட்டத்தில் எதிர் அணிக்கு இந்த ரொஹேலியோதான் கேப்டன்.

வியாழக்கிழமைக்கு ஒரே நாள்தான் இருந்தது. ஒத்தீலியா அடுப்பு வேலை முடிந்த கையோடு மாவுக் கையாலேயே நாலு வரி எழுதிக் கொடுத்தாள். அப்பாவை நாபோராக நாற்காலியில் உட்காரவைத்து நாற்பது தடவை சொல்லிப் பார்த்தேன், நாற்பத்தோராவது தடவை நாபோர் குறட்டை விட்டுவிட்டார். டாக்டர் ஆமண்ட்சன் வந்து என் நாக்கைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, ர வர வேண்டிய இடம் இதுதான் என்று விரலால் தொட்டுக் காட்டினார். இந்த ஊரில் பாஷைக்காகப் பல் டாக்டரிடம் போனவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

மண்டபத்தில் நிற்க இடமில்லை. பெரிய பாத்திரத்தில் காப்பி, மடக்கு நாற்காலிகள், இரண்டு அணியும் இரண்டு பக்கம் கல்யாண வீட்டுச் சம்பந்திகள்போல் முறைத்துக்கொண்டு. நாபோர் தூக்கமில்லாத கண்ணோடு முன்வரிசையில் இருந்தான், வீட்டில் இருக்கும் யெசெனியாவுக்குக் காட்டுவதற்காகப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான், அது சுற்றிச் சுற்றி உன்னிடம் வந்த கதை இப்போது புரிகிறதா. பேப்பரை விரித்தேன், எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிறதுபோல் இருந்தது, பார்த்தால் அவசரத்தில் அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். சரி, மனப்பாடம்தானே என்று ஆரம்பித்தேன். அட்டைக்குத் தார்ஹேத்தா, சோள ரொட்டிக்குத் தோர்த்தியா, என் வாயில் ரொட்டிதான் வந்தது. நான் கோபத்தில் சட்டைப்பையிலிருந்து சிவப்பு ரொட்டியை எடுத்தேன் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை, காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாக, சிவப்பு ரொட்டியை எடுத்து நாபோரின் மூக்கில் வைத்தேன் என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தன், “உள்ளே கோழியா, பன்றியா, அம்மா?” என்று கேட்டான் பார், கூரை பறந்துவிட்டது. எஃப்ரேனின் மீசை அசைந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பேப்பரை மடித்துப் பையில் போட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் எல்லாம் சேவல், ஏணி, நிலா, ரொட்டிக்கடை, அதை வைத்துக்கொண்டு பேசினேன். நான் ஆந்தை என்றேன், கண் பெரிசு, காது இல்லை என்றேன். நாபோர் கிழவி என்று சொன்னான், என்னை இல்லை, குழந்தை வருகிறது, நான் பார்க்கவில்லை, நாபோர் நல்லவன், நான் நல்லவள் இல்லை, மன்னிக்கணும் என்றேன். அதற்குமேல் சொல் கிடைக்கவில்லை. நெஞ்சில் கை வைத்து, இங்கே கிழவி நான்தான் என்று முடித்தேன். அப்போது பின்னால் காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து உன் அப்பா எழுந்து மீயா என்று ஒரு சத்தம் போட்டார். என்னுடையவள் என்று அர்த்தம். ரொட்டித் தட்டு யாருடையது என்று டீச்சர் கேட்கும்போது சொல்வதற்காகக் கற்றுக்கொண்ட ஒரே சொல், அதை எனக்குச் செலவழித்தார். பெண்கள் எல்லாம் மேசையைத் தட்டினார்கள், நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

பிறகு ரொஹேலியோ எழுந்தான். அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னை நேராகப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக இங்கிலீஷில், மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன், இப்போது நீங்கள் உட்காரலாம் என்றான். போன வருஷம் நான் அவனிடம் சொன்ன அதே வார்த்தைகள் காரின், அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, அதே குரலில், கையைக்கூட அதேபோல் கட்டிக்கொண்டான். நான் பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல் உட்கார்ந்தேன், காதெல்லாம் சுட்டது. அதன்பிறகுதான் அவன் பல்லைக் காட்டினான். நாபோர் பக்கம் திரும்பி, “நீ வந்து நில்லுடா மச்சான். அந்தக் கையுறையில்லாதவன் பாதி பந்தைப் பிடிச்சுட்டான். நீ நின்னாத்தான் எங்களுக்கு கோல் போடறது சுலபம்” என்றான். நாபோர் போனை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டான், இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்களா மல்லுக்கு நின்றார்களா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. எஃப்ரேன் சிவப்பு அட்டை ரத்து என்று நோட்டில் எழுதினார். ரொட்டி ரத்து என்று எழுதுங்க தலைவரே என்று பின்வரிசைக்காரன் கத்தினான்.

நீ பார்த்த வீடியோ அவ்வளவுதான், ஆனால் கதை முடியவில்லை. மழையால் இரண்டு வாரம் தள்ளிப்போன இறுதியாட்டம் போன ஞாயிற்றுக்கிழமைதான் நடந்தது. ஊரே வந்திருந்தது, யெசெனியா குழந்தையைத் துணியில் மார்போடு கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றாள், எல்லாரும் என்னைப் பார்த்துக் கையாட்டினார்கள், இரண்டு பேர் உண்மையாகவே ரொட்டியை ஆட்டினார்கள். எல்லாம் எண்பத்தெட்டாவது நிமிஷம்வரைதான். ஒன்றுக்கு ஒன்று, ரொஹேலியோ பந்தோடு உள்ளே வருகிறான், நாபோர் பாய்ந்து பந்தை விட்டுவிட்டு அவன் காலைப் பிடித்துவிட்டான், மைதானத்துக்கே தெரிந்தது. எனக்கு விசிலை வாயில் வைக்கவே மனசு வரவில்லை. குழந்தையைப் பார்த்தேன், நாபோரைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்க்காமல் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தான், அவனுக்கும் தெரியும். ஊதினேன். பெனால்டி. கையாட்டின ஊரெல்லாம் ஒரே நொடியில் என்மேல் பாய்ந்தது, ஒன்பது வருஷமாகக் கேட்ட அதே இரைச்சல், ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகப் புரிகிறது, அந்தக் கொடுமையை உனக்கு எப்படிச் சொல்வேன். என் கண், என் கண்ணாடி, என் பிறப்பு, என் பேருந்து ஓட்டும் லட்சணம் எல்லாம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக யெசெனியா குழந்தையின் காதைக் கையால் பொத்திக்கொண்டு, “அந்த விசிலை நேத்தே முழுங்கித் தொலைச்சிருந்தீங்கன்னா இன்னைக்கு ஊரே உங்களைத் தூக்கி வெச்சுக் கொண்டாடியிருக்கும்!” என்று கத்தினாள். ரொஹேலியோ அடித்தான், நாபோர் வலப்பக்கம் பாய்ந்தான், பந்து இடப்பக்கம் போயிற்று. இரண்டுக்கு ஒன்று. நாபோர் ஆட்டம் முடிந்ததும் வந்து கை கொடுத்தான், அழுதிருக்கிறான், ஆனாலும் கொடுத்தான். யெசெனியா கொடுக்கவில்லை. அட்டையை மன்னித்துவிட்டாள், பெனால்டியை மன்னிக்க மாட்டாளாம்.

நேற்று வகுப்பில் ஒத்தீலியா, நடந்திருந்தால் இப்படி ஆகியிருக்கும் என்று சொல்கிற அந்தப் பொல்லாத இறந்தகாலத்துக்கு யாராவது ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றாள். ஆறு வாரமாக அதை எங்கள் மண்டையில் ஏற்றப் பார்க்கிறாள், ஒருத்தருக்கும் வரவில்லை. நான் எழுந்து நின்று யெசெனியா சொன்னதை ஓர் எழுத்துப் பிசகாமல், அவள் குரலிலேயே சொன்னேன். ஒத்தீலியா உடனே பலகையில் அதைப் பெரிசாக எழுதி இரண்டு கோடு போட்டாள். டாக்டர் ஆமண்ட்சன் நோட்டில் காப்பி எடுத்துக்கொண்டார், ஆஸ்பத்திரியில் எங்கே பயன்படுத்தப்போகிறாரோ தெரியாது.

நீ வேளைக்குச் சாப்பிடு, ஆட்டுக்கு ஊசி போடுகிற கையோடு அப்படியே சாப்பிட உட்காராதே. அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு தடவை விசாரித்து வை, ஒன்பது வருஷம் கழித்துத் தெரிந்துகொள்ளாதே. கிறிஸ்துமஸுக்கு வரும்போது கனமான கோட்டை மறந்துவிடாதே, போன தடவை என் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் இன்னும் திருப்பவில்லை. அப்பா முத்தம் சொல்லச் சொன்னார். கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், உன் கைபட்ட ஆடுகள் எல்லாம் பெருகட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அம்மா,
வெர்னா நைக்விஸ்ட்